தனலெட்சுமியின் நூறு கிலோ

மடுல்சீமை, கீழ்ப்பிரிவு
28 ஜனவரி 2024

அன்புள்ள மாப்பிள்ளை தயாபரனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். என் தொப்பை மட்டும் தேவைக்கு அதிகமான சுகத்தோடு இருக்கிறது. தோஹாவில் உன் சுகத்தையும், உன் ஜிம்முக்கு வரும் பெரிய மனிதர்களின் சுகத்தையும் எழுது.

போன் இருக்கும்போது இந்த ஆள் ஏன் தாளில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. கோயில் பாறையில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். ஆனால் அங்கே நின்று பேசுவதும் ஒலிபெருக்கியில் பேசுவதும் ஒன்று. எனவே எழுதி வைத்து, பசறைக்கு இறங்கும் நாளில் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் எழுதியே அனுப்பு.

விஷயம் உன் அக்காவைப் பற்றியது. பொங்கல் முடிந்து நீ புறப்பட்ட அன்று உன் பெட்டியைத் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்ற நீ, நான், டிரைவர் மூவரும் பட்ட பாடு நினைவிருக்கும். ஜிம் மாஸ்டர் நீ ஒரு பக்கம் முக்க, உர ஸ்டோரில் இருபது வருடமாக அடுத்தவன் மூட்டை தூக்குவதைப் பார்த்தே உடம்பை வளர்த்த நான் மறுபக்கம் முக்க, அவள் வந்தாள். "தள்ளுங்க, லொறி போயிரும்" என்றாள். அடுத்த நிமிடம் பெட்டி மேலே இருந்தது. நீ வாயைப் பிளந்து, "அக்கா, நீ போட்டிக்கே போகலாம்" என்று சொல்லிவிட்டு பிளேன் ஏறிவிட்டாய். உனக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. இங்கே தேங்காய் துருவும்போதும் அவளுக்கு அதே யோசனை.

"ஏங்க, பொம்பளைங்க பாரம் தூக்குற போட்டி நெசமாவே இருக்கா?"

"இருக்கு. ஆனா உன் வயசுக்கு..."

"என் வயசுக்கு என்னா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நான் இதுவரை பிழைத்ததில்லை. பதுளையில் விசாரித்தேன். அக்டோபரில் மாகாண அளவில் மூத்தோர் போட்டி. நாற்பதைக் கடந்த பெண்களுக்குத் தனிப் பிரிவு. தரையில் கிடக்கும் கம்பியைப் பாரத்தோடு பிடித்து நிமிர வேண்டும். டெட்லிப்ட் என்கிறார்கள். அது உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு சிறு சிக்கல். வரும் வழியில் பசறை சலூனில் பேச்சுவாக்கில், "எங்க வீட்ல நூறு கிலோ தூக்குவாங்க" என்று சொல்லிவிட்டேன். நான் முடி வெட்டி முடிப்பதற்குள் அந்த நூறு எனக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே நூறு கிலோவுக்கு ஒரு திட்டம் போட்டு அனுப்பு. சீக்கிரம் முடிகிற திட்டமாக இருந்தால் நல்லது.

வேளாவேளைக்குச் சாப்பிடும்படி அக்கா சொல்கிறாள்.

அன்புடன்,
அத்தான் புவனேந்திரன்


தோஹா
9 பெப்ரவரி 2024

அன்புள்ள அத்தான்,

நான் நலம். அக்காவின் முழங்கால், உங்கள் சர்க்கரை இரண்டும் எப்படி என்று எழுதவும்.

சீக்கிரம் முடிகிற திட்டம் என்னிடம் இல்லை. இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் வருகிறார்கள். முதல் வாரமே ஜிம்மில் உள்ள எல்லாவற்றையும் தூக்கிப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அக்காவுக்குப் பலம் இருக்கிறது. ஆனால் அது வருடக்கணக்காகக் குனிந்தே வாங்கிய பலம். முதுகால் இழுக்காமல் இடுப்பாலும் காலாலும் எழும்ப முதலில் பழகட்டும். வாரத்தில் மூன்று நாள் போதும்: ஒருநாள் கனம், ஒருநாள் இலேசு, ஒருநாள் நடுத்தரம். நாற்பது கிலோவில் தொடங்கி வாரத்துக்கு இரண்டரை கிலோ மட்டும் கூட்டவும்; எழுபத்தைந்துக்குப் பிறகு மாதத்துக்கு இரண்டரை போதும். ஒவ்வொரு நாலாவது வாரமும் பாரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உடம்பு வளர்வது அந்த ஓய்வில்தான். முட்டை, பருப்பு, நெத்தலி, நல்ல தூக்கம்.

அக்டோபரில் எண்பத்தைந்து, மிஞ்சினால் தொண்ணூறு. நூறு அடுத்த வருடம். சலூனுக்கு இதை நீங்களே அறிவித்துவிடுங்கள்.

ஒரு போட்டி தவறினால் இன்னொன்று வரும். முதுகு போனால் அக்காவுக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை போய்விடும், அத்தான். அதற்குப் பிறகு என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
தயாபரன்


மடுல்சீமை
17 மார்ச் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம்; உன் சுகத்தையும் கேட்கிறோம். அக்காவின் முழங்காலுக்குக் குறையில்லை. என் சர்க்கரையை யாரும் தொந்தரவு செய்வதில்லை. அதுவும் நன்றாக இருக்கிறது.

நம் ஜிம் திறந்தாயிற்று. பாவனையில் இல்லாத பழைய கொழுந்து மடுவம்தான் இடம்; முன்பு கொழுந்து நிறுத்த கொட்டகை. தகரக் கூரை, மூன்று சுவர். நாலாவது பக்கம் மூடுபனி. கம்பி, பசறையில் தாஸிம் நானாவின் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. "யாருக்கு?" என்று கேட்டார். "வீட்டுக்காரிக்கு" என்றேன். "அப்பிடி என்ன குத்தம் செஞ்சீங்க?" என்றார். தட்டுகளைச் சட்டியில் சீமெந்து ஊற்றி நானே வார்த்தேன். கொழுந்துத் தராசில் நிறுத்து ஒவ்வொன்றிலும் எண் எழுதினோம்.

உன் சொல்லை அவள் தாண்டுவதில்லை. நாலாவது வாரம் வந்தபோதுதான் சண்டை.

"பாதியா? நான் என்னா சொகமில்லாத ஆளா?"

"தம்பிதான் ஓய்வுன்னு எழுதியிருக்கான்."

"ஓய்வாம்ல. பாதி நிறை கொண்டுபோனா அரைப்பேருதான் விழும். எனக்கு இது தெரியாதா?"

குறித்த நிறைக்குக் கொழுந்து இல்லாவிட்டால் அரைநாள் சம்பளம் என்ற கணக்கிலேயே இத்தனை வருடம் நடந்தவளிடம், குறைத்தால்தான் கூடும் என்று எப்படி விளங்கவைப்பது? "தம்பி இந்த வாரத்துக்கும் முழுப்பேரு போட்டுட்டான்" என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் தட்டைக் கழற்றினாள்.

நானும் கூடவே தொடங்கினேன் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் நாள் காலில் அட்டை ஏறியது. பிடுங்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உன் அக்காதான் வந்து நிமிர்த்திவிட்டாள். அன்றோடு நான் மேற்பார்வைக்குப் பதவி உயர்வு பெற்றேன்.

இன்னொன்று. அவள் மூச்சை அடக்கி, கம்பியோடு நிமிரும்போது முகத்தில் ஒன்று வருகிறது. எங்கள் கல்யாணத்தன்றும் நான் அதைக் கண்டதில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத முகம். அந்த நேரத்தில் நான் வெளியே போய் மூடுபனியைப் பார்க்கிற மாதிரி நின்றுகொள்வேன்.

அன்புடன்,
மேற்பார்வையாளர் புவனேந்திரன்


தோஹா
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அத்தான்,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலம். பலகாரம் எதையும் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், பாவம்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய துண்டுத் தாளில் கனங்கள் திட்டப்படியே இருக்கின்றன. ஆனால் "பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கனத்துக்குப் பல் கடிபடக் கூடாதே. இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். கஷ்டமாக இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டு எழுதுங்கள். பக்கவாட்டில் நின்று ஒரு வீடியோவும் எடுங்கள்.

அன்புடன்,
தயாபரன்


மடுல்சீமை
9 ஜூன் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலமென்றே வைத்துக்கொள். உன் நலத்துக்கு எழுது.

கடிதம் தாமதமாகிவிட்டது. கஷ்டமா என்று கேட்கச் சொன்னாய். கேட்டேன். "கஷ்டம்னா என்னா?" என்று திருப்பிக் கேட்டாள். 

மடுவத்தில் இப்போது கூட்டம். பக்கத்து வீட்டுக் காம்பிரா ஜெபமலர் முதலில் சிரிக்கத்தான் வந்தாள். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறாள். நாலைந்து பெண்கள் வெறும் கம்பை வைத்துக்கொண்டு குனிந்து நிமிரப் பழகுகிறார்கள். ஆண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விடுகிறார்கள்.

உன் அக்கா எழுபத்தைந்தைத் தொட்டுவிட்டாள். அதன் வீடியோவை இத்துடன் அனுப்புகிறேன்.

மற்றபடி ஐந்தாறு நாளாக அவளுக்குக் கொஞ்சம் சளி. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம் பார். மலைக்குப் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறாள், பொல்லாத சளி. ஜெபமலர் வந்து இடுப்பில் தைலம் தேய்த்துவிடுகிறாள். வேறு விசேஷமில்லை.

அன்புடன்,
புவனேந்திரன்


தோஹா
10 ஜூன் 2024

அத்தான்,

சளிக்கு யாரும் இடுப்பில் தைலம் தேய்ப்பதில்லை. என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

தயாபரன்


மடுல்சீமை
16 ஜூன் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுபத்தைந்தை ஒருமுறை தூக்கி வைத்தாள். வீடியோவில் இருப்பது அது. இரண்டாம் முறை முழங்கால் வரை வந்தது. "ஐயோ" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அன்றுதான் கேட்டேன்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் இழுத்துக்கொண்டது, நாலு கிழமை, ஒரு மாதம் முழுக்க, மலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வந்தோம். லயத்து வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னாள். "தம்பிகிட்ட சொல்லாதீங்க. அவன் போட்ட திட்டம் தப்புன்னு நெனைச்சிருவான்."

சளி வந்த கதை இதுதான்.

திட்டத்தை நாங்கள் தாண்டவில்லை, மாப்பிள்ளை. நீ சொன்ன கனம், நீ சொன்ன நாள். சத்தியமாக.

அன்புடன்,
புவனேந்திரன்


மடுல்சீமை
28 ஜூலை 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். ஆறு கிழமையாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பசறையில் போனை நான் தூக்கிப் பிடித்துத் தூக்கிப் பிடித்து, எனக்கே தோள் பலம் வந்துவிட்டது.

அக்கா மலைக்குத் திரும்பிவிட்டாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறாள். வலியில்லை. மாலையில் மடுவத்துக்குப் போய் மற்றவர்கள் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மலரு, முதுகைக் கூனாத" என்பாள். கம்பியை மட்டும் தொடுவதில்லை. தம்பி சொல்லட்டும் என்கிறாள்.

உன் கடிதம் வந்ததா என்று அவள் கேட்பதில்லை. நான் லொறியிலிருந்து இறங்கும்போது என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள்.

சலூன்காரர் நூறைப் பற்றிக் கேட்பார் என்று நான் முடி வெட்டவே போகவில்லை. பின்னால் பார்த்தால் சாமியார் மாதிரி இருக்கிறேனாம். உன் மேல் இங்கே யாருக்கும் வருத்தமில்லை. ஒரு வரி எழுது.

அன்புடன்,
அத்தான்


தோஹா
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தான்,

மன்னித்துவிடுங்கள். எழுதாமல் இல்லை, எழுதி எழுதி அழித்தேன். என் திட்டத்தால் அக்கா படுத்துவிட்டாள் என்ற நினைப்போடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாருக்கும் கனம் கூட்டச் சொல்ல நாக்கு எழவில்லை. "மாஸ்டர், என்னைப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

அந்த வீடியோவைப் பார்க்கப் பயமாக இருந்தது. நேற்றுத்தான் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குனிவதில் தவறில்லை, பிடியில் தவறில்லை. ஆனால் நீங்கள் தட்டில் எழுதிய எண்கள் தெரிகின்றன. ஒரு பக்கத்தில் முப்பத்தேழரை, மறுபக்கத்தில் முப்பத்தேழரை. தட்டுகள் மட்டுமே எழுபத்தைந்து.

அத்தான், கம்பியின் நிறை எங்கே? அதையும் சேர்த்துத்தான் கணக்கு. யாரும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்து நான் எழுதாமல் விட்டுவிட்டேன். உடனே அதை நிறுத்துப் பாருங்கள். பதினைந்துக்குக் குறையாது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அக்கா ஆரம்பத்திலிருந்தே நான் சொன்னதைவிடப் பதினைந்து கிலோ கூடத் தூக்கியிருக்கிறாள். அதனால்தான் பல்லைக் கடித்திருக்கிறாள். அன்று ஒருமுறை நிமிர்ந்து நின்றது தொண்ணூறோடு.

இனிக் கம்பியோடு சேர்த்து ஐம்பதிலிருந்து தொடங்கட்டும். புதுத் திட்டம் அடுத்த தாளில். உடம்புக்குப் பழைய பாரம் மறக்காது, சீக்கிரம் திரும்பும். அக்டோபரில் தொண்ணூற்றைந்து. ஆறிய முதுகு; அதற்குமேல் ஒரு கிராம் வேண்டாம். நூறு அடுத்த வருடம்தான்.

அன்புடன்,
தயாபரன்


மடுல்சீமை
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சுகம், இந்த முறை நிஜமாகவே சுகம்.

கம்பியைத் தராசில் போட்டோம். பதினைந்துதான். "ஏன் தனம் இதைச் சேக்கல?" என்று கேட்டேன். கேள்வியே விளங்காதவள் போல் என்னைப் பார்த்தாள்.

"கம்பியை எதுக்குச் சேக்கணும்? கொழுந்து நிறுக்கையில சாக்கைக் கழிச்சுட்டுத்தானே நிறை சொல்லுவாங்க? சாக்கு நம்ம கணக்குல எப்ப வந்துச்சு?"

ஜெபமலரும் மற்றவர்களும், "அதானே" என்றார்கள். நிறுக்கும்போது கூடவே நின்ற நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன், மாப்பிள்ளை. தோஹாவில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரியும், இங்கே எடையென்றால் எதையாவது கழித்த பிறகுதான் எடை என்று?

"அப்ப அன்னைக்கு நான் தூக்குனது?"

"தொண்ணூறு."

எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். லயத்துக்கே கேட்கும்படி சொன்னேன். அன்றே ஐம்பதில் தொடங்கிவிட்டாள். நான் பசறைக்குப் போய் முடியும் வெட்டிக்கொண்டேன்.

அன்புடன்,
புவனேந்திரன்


மடுல்சீமை
20 அக்டோபர் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகமோ சுகம். என் தொண்டை மட்டும் சுகமில்லை, காரணம் கீழே.

நேற்றுப் பதுளையில் போட்டி. லொறி நிறையச் சனம். ஜெபமலர் செபமாலையோடு வந்தாள். நம் கோயில் பூசாரி திருநீற்றோடு வந்தார். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு உன் அக்காவுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில், "தனலெட்சுமி புவனேந்திரன், மடுல்சீமை" என்றார்கள். என் பெயர் அவள் பெயருக்குப் பின்னால் வால்போல வந்தது. வாலாக இருப்பதில் இவ்வளவு பெருமை இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

முதலில் எண்பது. கொழுந்துக் கூடையை எடுப்பதுபோல எடுத்தாள். அடுத்து தொண்ணூறு. அதையும் எடுத்தாள். மூன்றாவதற்கு முன் மேசையில் ஒரு சின்னக் குழப்பம், அதை விடு. தொண்ணூற்றைந்து. நிமிர்ந்தாள், மாப்பிள்ளை. நேராக, இந்த மலைகளையெல்லாம் தாண்டி எதையோ பார்ப்பவள்போல நிமிர்ந்தாள். தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. நான் கத்திய கத்தில் நடுவர் என்னை உட்காரச் சொன்னார்.

இரண்டாம் இடம். பண்டாரவளையிலிருந்து வந்த பொலிஸ்காரம்மா நூற்றுப்பத்துத் தூக்கி முதலிடம். மேடையிலேயே உன் அக்காவைக் கட்டிப்பிடித்து, எத்தனை வருடமாகப் பழகுகிறாய் என்று கேட்டார். "எட்டு மாசம்" என்றதும் அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் அழவில்லை. பதுளையில் தூசு அதிகம்.

அன்புடன்,
வெள்ளிப் பதக்கக்காரியின் வீட்டுக்காரன்


மடுல்சீமை
27 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பி தயாபரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். நீ வெயிலில் வெறும் வயிற்றோடு அலையாதே.

மேசையில் என்ன குழப்பம் என்று உன் அத்தான் எழுதவில்லை. வாசித்துப் பார்த்தேன், சிரித்தேன். நானே எழுதுகிறேன்.

தொண்ணூறை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் ஓடி வந்தார். "தனம், மேசையில நூறுன்னு சொல்லிட்டேன். லயமே வந்திருக்கு பாரு. உன்னால முடியும்" என்றார். முடியும் என்று எனக்கும் தெரியும், தம்பி. கையில் பலம் மிச்சம் இருந்தது. ஆனால் தொண்ணூறு மேலே வரும்போது முதுகில் ஓரிடம் என்னைக் கூப்பிட்டது. வலியில்லை. சும்மா கூப்பிட்டது.

நானே மேசைக்குப் போனேன். "ஐயா, தொண்ணூத்தஞ்சு போடுங்க" என்றேன். "நூறுன்னு சொன்னாரே?" என்றார். "அவரு தூக்கலிங்க, நான்தான் தூக்குறேன்" என்றேன். அந்த ஐயா சிரித்துவிட்டு மாற்றினார்.

பதினாறு வயதிலிருந்து மலைக்குப் போகிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வேறு யாரோதான் சொல்லியிருக்கிறார்கள். அன்றுதான் நான் சொல்லி, நான் சொன்னதை எடுத்தேன். பதக்கத்தைவிட எனக்கு அதுதான் பெரிது.

அவர் பாவம். லொறியில் வரும்போது எல்லோரும் நூறு என்ன ஆனது என்று கேட்டார்கள்.  பிறகு எழுந்து நின்று, "நூறு எங்கயும் போயிராது. அவளுக்கு வேணுங்கிறப்ப போயி எடுத்துக்குவா" என்று சத்தம் போட்டார். பசறை வரைக்கும் உட்காரவே இல்லை.

திங்கட்கிழமை மலைக்குப் போனேன். நாள் முழுக்கக் குனிந்தேன், நிமிர்ந்தேன். முதுகு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வருடத் திட்டத்தை அவசரமில்லாமல் யோசித்து எழுது. இனி என் பெயருக்கே எழுது, தம்பி. நான் படித்து அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா
தனலெட்சுமி